பிளம்பர் வீட்டுக் குறைகள்

எங்கள் தெருவில் வீட்டு விலை ஏறிய வேகத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் வீட்டுக்காரியே நம்புவதில்லை. பல் தேய்க்கப் போகும்போது ஒரு விலை, வாய் கொப்பளித்துவிட்டு வந்தால் இன்னொரு விலை. எதிர்வீட்டைப் பார்க்க வந்த ஒருவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். மாடி அறையைப் பார்த்துவிட்டு இறங்கி வருவதற்குள் வீடு அவர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. செருப்பாவது மிஞ்சியதே என்று மாட்டிக்கொண்டு நடந்தார்.

நாங்கள் மனை வாங்கிய காலத்தில் எல்லாம் தலைகீழ். மனை விற்றவர் எங்களைத் துரத்திப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து விற்றார். நான் ஒரு டீ குடித்தேன், ஒரு மனை வந்தது. இன்னொரு டீ குடித்திருந்தால் பக்கத்து மனையையும் என் தலையில் கட்டியிருப்பார். அன்றைக்கு வயிறு சரியில்லை, வேண்டாம் என்றுவிட்டேன். அந்த இரண்டாவது டீயின் இன்றைய மதிப்பைக் கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும்.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்போது எங்கள் தெருமுனைதான் கடைசி ஸ்டாப். அதற்கப்பால் முள்ளுக்காடும் ஒரு செங்கல் சூளையும்தான். வண்டியைத் திருப்பும்போது பின்சக்கரம் உலகத்தின் விளிம்புக்கு வெளியே தொங்கும் என்று சொல்லித்தான் தூங்கிப்போன பயணிகளை எழுப்பி இறக்குவேன். இப்போது பஸ் எங்களைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் போகிறது. பாதி நாள் எங்கள் ஸ்டாப்பில் நிற்பதுகூட இல்லை.

நான் குடிக்காமல் விட்ட டீயைக் குடித்தவர்தான் பிளம்பர் அண்ணன். அதாவது பக்கத்து மனைக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தூக்கத்தில் நாலு வீடு தள்ளி ஒரு குழாய் சொட்டினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வார். அண்ணி அதட்டிப் படுக்க வைத்தால் விடியும்வரை புரண்டுகொண்டே இருப்பார். தெருவில் எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும் அவர் பதித்த பைப்பு வழியாகத்தான் தண்ணீர் வரும்.

அவர் வீடு ஒரே மூச்சில் கட்டியது அல்ல. ஒரு பெரிய வேலை கிடைத்தால் ஒரு அறை, சின்ன வேலை கிடைத்தால் ஒரு ஜன்னல் என்று வளர்ந்தது. வேலை செய்த வீடுகளில் மிச்சமான டைல்ஸை எல்லாம் கேட்டு வாங்கி வந்து குளியலறையில் ஒட்டினார். ஒரு சுவர் பச்சை, ஒரு சுவர் ரோஸ், தரை கறுப்பு வெள்ளைக் கட்டம், மூலையில் மட்டும் நீல மீன்கள். அங்கே நின்று ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் ஊரிலுள்ள பணக்காரர்கள் எல்லாருடைய குளியலறையிலும் ஒரே நேரத்தில் குளித்த மாதிரி என்று நான் சொல்வேன். அண்ணனுக்கு அதில் உள்ளூர ஒரே பெருமை. வெளியே காட்டமாட்டார்.

பிறகு தெருவில் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். பேரப்பிள்ளைகளுக்காக ஒருவர், கடனுக்காக ஒருவர், முழங்கால் வலிக்காக ஒருவர். மளிகைக் கடை இருந்த இடத்தில் நாய்க்கு முடி வெட்டும் கடை வந்தது. எனக்கு முடி வெட்டுகிறவர் வாடகை கட்டுப்படியாகாமல் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டார். ஆக, நாய்களுக்குத் தெருவிலேயே ஆள் இருக்கிறது, நான் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கிறது. ஒருநாள் அந்தக் கடைக்குள் போய் எனக்கும் வெட்டிவிடுவீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடிக்கமாட்டீர்களே என்று கேட்டாள். ரொம்ப நாளுக்குப் பிறகு தெருவில் என்னிடம் வாய் கொடுத்த ஒரே புது ஆள்.

பிளம்பர் அண்ணனுக்கு ஒரே பையன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மனைவி, ஒரு பெண் குழந்தை. வாடகை வீடு மாற்றி வாடகை வீடு மாற்றி, குழந்தைக்கு எந்தத் தெரு தன் தெரு என்றே தெரியாமல் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டான். கை கழுவிவிட்டு, தட்டின் முன்னாலேயே மறுபடி உட்கார்ந்து, இந்த வீட்டை விற்றுவிடலாமா அப்பா என்று கேட்டான். ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் வீடு பார்த்து வைத்திருப்பதாகவும், எல்லாரும் ஒன்றாக அங்கேயே இருந்துகொள்ளலாம் என்றும் சொன்னான்.

அண்ணன் சரிப்பா என்று சொல்லிவிட்டார். வேறென்ன சொல்வார்? அவன் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து, இதெல்லாம் யாருக்கு, உனக்குத்தானே என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு சுவரையும் எழுப்பியவர். இப்போது அவன் வந்து கேட்கும்போது இல்லை என்றால் அவ்வளவு நாளும் சொன்னது என்ன ஆவது? சரி என்று சொன்னவர் பையன் வண்டி தெருமுனை திரும்பியதும் பின்பக்கமாக என் வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நின்றார்.

"கண்டக்டரு, நீ நல்லாப் புளுகுவேல்ல?"

"என்னண்ணே புதுசா கேக்குறீங்க."

"எவனும் இந்த வீட்ட வாங்கக் கூடாது. என்ன வேணாலும் சொல்லு. நான் சொல்ல முடியாது, நீ சொல்லு."

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் புளுகச் சொல்லிக் கேட்டுக்கொண்டதில்லை. எல்லாரும் நிறுத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தபோது அந்தக் கலக்கம் வேறு மாதிரி ஆனது. அந்த மனுஷன் பயந்துபோயிருந்தார்.

மறுநாள் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்னென்ன சொல்லலாம் என்று பேசி முடிவு செய்தோம். பேய் என்று நான் ஆரம்பித்ததுமே அண்ணி கையிலிருந்த கரண்டியைத் தூக்கிவிட்டார். "என் வீட்டுல சாவ கொண்டாந்து வைக்காதீங்க தம்பி." சரி, பேய் வேண்டாம். சுவரெல்லாம் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்லலாமா என்றேன். அண்ணன் எழுந்தே விட்டார். கரையான் சொல்லு, பாம்பு சொல்லு, பக்கத்து வீட்டுக்காரன் பைத்தியம் என்று சொல்லு. நான் பதித்த பைப்பு ஒழுகுகிறது என்று மட்டும் இந்த வாயால் சொல்லாதே என்றார். பக்கத்து வீட்டுக்காரன் நான்தானே அண்ணே என்றேன். அதனால்தான் சுலபம் என்றார்.

முதலில் புரோக்கர் ஒரு வங்கி அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். புரோக்கர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே வீடு காட்டுகிறவர். எந்த நிமிஷமும் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கும் என்பதால் அப்படி. வங்கி அதிகாரி வாசற்கதவைத் தடவிப் பார்த்து நல்ல மரம் என்றார். நான் மதில்மேல் கையை வைத்தபடி, தட்டாதீர்கள் சார் என்றேன். ஏன் என்றார். தட்டினால் உள்ளேயிருந்து கரையான் யாரது என்று கேட்கும். போன வருஷம் இவர்கள் பீரோவை முழுசாகத் தின்றுவிட்டு மேலே அடித்திருந்த பெயின்டை மட்டும் நிற்க வைத்திருந்தது, அண்ணி துணி எடுக்கக் கையை வைத்தபோதுதான் பீரோ இல்லை என்பதே தெரிந்தது என்றேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு வரவில்லை.

அடுத்து வந்த குடும்பத்துக்குப் பாம்பைச் சொன்னேன். கிணற்றடியில் இருப்பது மாமியார் பாம்பு, கொல்லையில் இருப்பது மருமகள் பாம்பு, இரண்டுக்கும் ஆகாது, ஆகவே நீங்கள் நடுவில் போகாதவரை பயமில்லை என்றேன். அவர்கள் வீட்டுக் குட்டிப் பெண் உடனே பாம்பைக் காட்டு என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். தப்பித்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்னொருவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, அமைதியான தெரு வேண்டும் என்று கேட்டு வந்தவர். என் பழைய விசிலை எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு ஊது ஊதினேன். விடிகாலையில் தினமும் இப்படிக் கொஞ்சம் பழகுவேன் சார், இல்லாவிட்டால் நெஞ்சு அடைக்கிறது என்றேன். மனிதர் ரைட் கொடுத்த வண்டி மாதிரி புறப்பட்டுப் போய்விட்டார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அவ்வளவு உற்சாகம். அண்ணன் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஆள் போனதும் வந்து என் தோளைத் தட்டுவார். கொஞ்ச நாளுக்கு அவர் மறுபடியும் நன்றாகத் தூங்கினார் என்று அண்ணி சொன்னார்.

பிறகு அந்தச் சின்ன ஜோடி வந்தது.

அவள் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர். அவன் ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஒரே ஸ்கூட்டரில் வந்தார்கள். கரையான் என்றேன், மருந்து அடித்துக்கொள்ளலாம் என்றான் அவன். பாம்பு என்றேன், நாங்கள் இருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரரைவிட மோசமாக இருக்காது என்றாள் அவள். விசிலை ஊதிக் காட்டினேன். அவள் சிரித்து, "அலாரம் வாங்கற செலவு மிச்சம்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதுதான் ஆபத்து.

உள்ளே போய்க் குளியலறையைப் பார்த்தவள் புருஷனைக் கூப்பிட்டாள். பச்சை, ரோஸ், கட்டம், மீன்கள். இதில் ஒன்றைக்கூட மாற்றக் கூடாது என்று அவனிடம் சொன்னது வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது. நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே அதை யாரோ பிடுங்கிக்கொண்டது போலவும் இருந்தது.

அவர்கள் விலையும் பேசிவிட்டார்கள். தலை நரைக்கும்வரை இரண்டு பேர் சம்பளத்தையும் கடனுக்குக் கட்ட வேண்டியிருக்கும். பரவாயில்லை என்றார்கள். கடைசியாக ஒருமுறை பெரியவர்களைக் கூட்டிவந்து காட்டிவிட்டு முன்பணம் தருவதாகச் சொல்லிப் போனார்கள்.

அவர்கள் வருவதாகச் சொன்ன அன்று காலையில் பக்கத்து வீட்டில் ஏதோ சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அண்ணன் ஒரு வாளித் தண்ணீரும் கந்தைத் துணியுமாகப் படுக்கையறையில் நின்றுகொண்டிருந்தார். துணியை நனைத்து நனைத்துச் சுவரில் ஒற்றிக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து கீழ்வரை ஈரம் இறங்கிய மாதிரி, அவ்வளவு கச்சிதமாக. உண்மையான ஒழுகல் எப்படி இறங்கும் என்று அவருக்குத் தெரியாதா? டீத்தூளைக் கரைத்து ஓரத்தில் பழுப்பு நிறம்கூடக் கொடுத்திருந்தார். அண்ணி கட்டில் நுனியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணன் திரும்பாமலே, "ஒண்ணும் சொல்லாத" என்றார்.

அந்தப் பெண்ணின் மாமனார் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பைப்பு உள்ளே உடைந்திருக்கிறதா என்று கேட்டார். தெருவுக்கே பைப்பு பதித்த அண்ணன், ஆமாம், எங்கே என்றே தெரியவில்லை, பல வருஷமாக இப்படித்தான் என்றார். ஒரு பிளம்பர் வீட்டிலேயே இப்படியா என்று மாமனார் சிரித்தார். அண்ணனும் கூடவே சிரித்தார். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் ரொம்ப அழுததாகப் புரோக்கர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவரே தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தார். அவர் தலையில் முடி இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் மகன் வந்தான். ஒழுகல் என்று கேள்விப்பட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தான். நேராகப் படுக்கையறைக்குப் போனான், சுவரைத் தொட்டான். காய்ந்து கிடந்தது. ஓரத்திலிருந்த பழுப்பை விரலால் சுரண்டி மோந்து பார்த்தான். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

சின்ன வயதில் அவன் எங்கள் வீட்டில்தான் பாதி நேரம் கிடப்பான். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன்.

"சித்தப்பா, ஒரு பில்டர் ஆளு ரெண்டு மாசமா என் பின்னாலயே சுத்துறான். இவங்க ரெண்டு பேரும் குடுக்கறதவிட ஜாஸ்தி தரேங்கிறான். நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டே இருந்தேன். ஏன்னு தெரியுமா?"

நான் விசிலை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அவன் வாங்கினா இடிச்சிருவான். இவங்கன்னா குடியிருப்பாங்க. எப்ப வேணாலும் உங்கப்பா வந்து உக்காந்துட்டுப் போகட்டும்னு அந்தப் பொண்ணே எங்கிட்ட சொல்லுச்சு."

வெளியே ஒரு வண்டி போயிற்று. அவன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். இந்தத் தெருவை விட்டுப் போக எனக்கு மட்டும் ஆசையா என்று கேட்டான். முதலில் இங்கேதான் வீடு தேடினானாம். மூன்று தெரு சுற்றித் தேடியிருக்கிறான். பழைய மளிகைக் கடைக்கு மேலே ஒற்றை அறை ஒன்று இருந்ததாம். அந்த ஒற்றை அறையைக்கூட அவன் சம்பளத்தால் தொட முடியவில்லை. "நான் பிறந்த தெரு சித்தப்பா. புரோக்கர் எங்கிட்ட, சார் உங்க பட்ஜெட்டுக்கு இந்த ஏரியா சரிப்படாதுன்னு சொல்றான்." அதைச் சொல்லிச் சிரித்தான். பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கும் நாளுக்கு நாள் விலை ஏறுகிறது, இந்த மாதம் விட்டால் அதுவும் போய்விடும் என்றான். எழுந்து போகும்போது, அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவருக்குத் தெரியாத மாதிரியே இருக்கட்டும் என்றான்.

என் வீட்டுக்காரி சமையலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவாமல் நின்றிருந்தாள். அவன் போனதும், "உங்க வாய்க்கு நல்லா வேல குடுத்தீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டதை மீறி நான் போய் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இதை மட்டும் மறைக்க எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்டுவிட்டு வெகுநேரம் தன் கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் போடு என்றார்.

போட்டேன். கரையான் பொய், பாம்பு பொய், ஒழுகல் சுத்தமான பொய், அது டீத்தூள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் இத்தனை உண்மையை ஒரே நேரத்தில் நான் பேசியதே இல்லை. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் மெதுவாக, ஐயா, வீடு எப்படியாவது விற்க வேண்டும் என்று நீங்கள் இப்படிச் சொல்வது புரிகிறது, அந்தத் தாத்தா பாவம்தான், ஆனால் நாங்கள் பார்த்தோமே என்றாள். சுவரைத் தொட்டுப் பார்த்தோமே என்றாள். இப்போது வந்து காய்ந்திருப்பதைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அதற்குள் வேறு இடத்தில் முன்பணம் கொடுத்துவிட்டார்களாம். ரொம்பத் தொலைவுதான், ஆனால் புது வீடு, ஒழுகாது என்றாள்.

அண்ணன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும், "வித்துடச் சொல்லு" என்றார்.

பில்டரின் ஆள் ஒரு வெயில் நேரத்தில் வந்தான். மகனும் வந்திருந்தான். அந்த ஆள் கேட்டுக்கு வெளியே நின்றபடியே ஒரு பையனைவிட்டு டேப்பைப் பிடிக்கச் சொல்லி முன்பக்கத்தை அளந்தான். தெருவின் அகலத்தை அளந்தான். வீட்டை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் வாசலுக்கு வந்து, உள்ளே வாங்க சார் என்றார். அந்த ஆள் பரவாயில்லை என்றான். அண்ணன் விடவில்லை.

"சார், கரையான் இருக்கறதா யாராச்சும் சொல்லியிருப்பாங்க. ஒண்ணும் கிடையாது. கதவத் தட்டிப் பாருங்க."

"இருக்கட்டும் பெரியவரே."

"ஒழுகுதுன்னும் சொல்லியிருப்பாங்க. ஒரு சொட்டு ஒழுகினதில்ல சார். நானே போட்ட பைப்பு. சுவத்துக்குள்ள எங்கயும் வளைவே வராம ஒரே நேரா கொண்டுபோயிருக்கேன். வந்து ஒரு தடவ பாருங்க. தண்ணி எப்படி வருதுன்னு பாருங்க."

அந்த ஆள் மோசமானவன் என்று சொல்லமாட்டேன். மகனைப் பார்த்தான். மகன் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்களுக்கு மனைதான் சார் வேணும்" என்றான் அந்த ஆள். சொல்லிவிட்டு, டேப்பைப் பிடித்திருந்தவனைப் பின்பக்கம் அளக்கச் சொல்லி அனுப்பினான்.

அண்ணன் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. மாடியில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், எந்த ஜன்னலில் மழைச்சாரல் அடிக்காது, சமையலறையில் புகை ஏன் தங்காது என்று சொல்லிக்கொண்டே போனார். இத்தனை நாளும் நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த வீட்டின்மேல் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போன பிறகும் கேட்டில் கையை வைத்தபடி இன்னும் ஏதோ சொல்ல மிச்சம் இருப்பது போல நின்றார். மகன் வந்து, "உள்ள வாங்கப்பா, வெயிலடிக்குது" என்று கையைப் பிடித்தான். சின்னப் பிள்ளை மாதிரி போனார்.

இத்தனை நாளும் வீட்டை வாங்க ஆள் வருகிறது என்றல்லவா நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். என்னென்ன ஜோடனை, எவ்வளவு கரையான். வீட்டை வீடாகக் கேட்டு வந்த கடைசி ஆட்களை டீத்தூளைக் கரைத்து ஊற்றி விரட்டிவிட்டோம்.

அவர்கள் கிளம்பிய நாளில் சாமான் வண்டி முன்னால் போய்விட்டது. பாதிச் சாமானை விற்றாயிற்று, புது வீட்டில் இடம் இல்லை. அண்ணன் ஒவ்வொரு குழாயாகப் போய் இறுக்கிவிட்டு, கடைசியில் வாசற்கதவைப் பூட்டினார். பில்டர் அனுப்பிய காவலாள், பூட்ட வேண்டாம் ஐயா, நாளைக்குக் கதவையே கழற்ற ஆள் வருகிறது என்றான். அண்ணன் தலையை ஆட்டினார். ஆனாலும் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினார். சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சற்று நின்று, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணி காரில் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்தார். என் வீட்டுக்காரியிடம் அழுதுவிட்டு வந்திருந்ததால் முகம் தெளிவாக இருந்தது. "அங்க பேச்சுத்துணைக்கு ஆள் இருக்காது தம்பி. அப்பப்ப அவருக்குப் போன் பண்ணுங்க. எதையாவது புளுகுங்க" என்றார்.

ஆறு மாதம் இடித்தார்கள் என்று சொல்லத்தான் ஆசை. இல்லை. ஒரு காலை நேரம்கூட முழுசாக ஆகவில்லை. நான் காய்கறி வாங்கப் போய்விட்டு வருவதற்குள் மாடி இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால் பச்சைச் சுவர் ஒன்று மட்டும் வெயிலில் தனியாக நின்றுகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. மண் அள்ளும் இயந்திரத்தின் டிரைவர் கீழே இறங்கி ஒரு நீல மீன் டைல்ஸைப் பொறுக்கிப் பார்த்தான். பாதி உடைந்திருந்தது. தூக்கிப் போட்டுவிட்டான்.

சாயங்காலம் அண்ணன் போன் பண்ணினார். அங்கே லிப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறதாம். பேத்தி அவர் மடியிலேயே தூங்கிவிடுகிறாளாம். ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னல்தான் தெரிகிறதாம். பிறகு கேட்டார்.

"வந்துட்டாங்களா?"

நான் சமையலறை ஜன்னலருகே நின்றிருந்தேன். அந்த ஜன்னலில் எனக்கு முப்பது நாற்பது வருஷமாக அவர் வீட்டுச் சுவர்தான் தெரியும். இப்போது அந்தப் பக்கத்துத் தெருவும், அதற்கு அப்பால் இன்னொரு தெருவும், யாரோ துணி உலர்த்துவதும் தெரிந்தது. இவ்வளவு வெளிச்சம் அந்தச் சமையலறைக்குள் வந்ததே இல்லை. என் வீட்டுக்காரி கண் கூசுகிறது என்று ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்தாங்கண்ணே" என்றேன். "வந்து என்ன பிரயோசனம்? உங்க மாடிச் சுவத்துல மெஷின ஒரு முட்டு முட்டினான் பாருங்க, மெஷினோட பல்லு ரெண்டு கழண்டு என் வீட்டு முத்தத்துல வந்து விழுந்துச்சு."

என் வீட்டுக்காரி சேலையின் ஒரு முனையைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அண்ணனுக்குத் தெரியும். சொல்கிறவன் யார், அந்தச் சுவரின் கனம் என்ன, அந்த மெஷினின் பலம் என்ன என்று என்னைவிட நன்றாகவே தெரியும்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் டிரைவரு எறங்கி வந்து, யாரு சார் இந்த வீட்ட கட்டினதுன்னு எங்கிட்ட கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

முற்றத்தில் இருந்த தூசி இன்னும் அடங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே சொல்ல ஆரம்பித்தேன்.